நம் வீட்டுச் சோறு நாய்க்கும் பூனைக்கும் ஆகுமா?

நெல்லைச் சீமையில் நாய் வளர்க்கும் வீடுகளில் நாய்க்கென்று தனிச் சமையல் பெரும்பாலும் நடப்பதில்லை. வீட்டார் உண்டு மிஞ்சிய சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து, புறவாசலில் கிடக்கும் சட்டியில் கொட்டினால் நாயின் வேளை முடிந்தது. பூனைக்கு மீன் தலையும் ஒரு கரண்டிப் பாலும் போதும் என்பது வழக்கம். இந்த வழக்கத்தைப் பற்றி இப்போது இரண்டு விதமான பேச்சுகள் நடமாடுகின்றன. "தாத்தா காலத்திலிருந்து இதைத்தானே போடுகிறோம், எந்த நாய் செத்துப்போயிற்று?" என்பது ஒன்று. கைபேசியில் சுற்றிவரும் பட்டியலைக் காட்டி, சாக்லேட், அவகாடோ, மக்கடேமியாக் கொட்டை என்று வரிசையாகப் பயமுறுத்துவது மற்றொன்று.

இரண்டிலும் குறை உண்டு. வீட்டுச் சோறு தின்று பல ஆண்டுகள் வாழ்ந்த நாய்களை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். நாலு நாள் எதுவும் தின்னாமல் சுருண்டு கிடந்து செத்த நாயை "ஏதோ நோவு" என்று சொல்லிப் புதைத்துவிட்டு மறந்துபோகிறோம். முந்தைய வாரம் அது எதைத் தின்றது என்று எவரும் கேட்பதில்லை. பட்டியல் பொய்யன்று; ஆனால் அது வேறொரு நாட்டு அடுப்படியைப் பார்த்து எழுதப்பட்டது. மக்கடேமியாக் கொட்டை நம் ஊர்ச் சந்தையில் எவர் கண்ணிலும் படுவதில்லை. அவகாடோ என்னும் வெண்ணெய்ப் பழத்தின் தீங்கும் நாயைவிடக் கூண்டுப் பறவைகளுக்கே பெரிது. நம் நாயின் சட்டிக்கு அருகில் இருப்பவை சின்ன உள்ளி என்னும் சின்ன வெங்காயம், பல்லாரி என்னும் பெரிய வெங்காயம், வெள்ளைப்பூண்டு, புளி, பாயசத்துக் கிஸ்மிஸ், அல்வாவில் வழியும் நெய் ஆகியவையே. இவை நம் உடம்புக்கு ஆகி, விலங்கின் உடம்புக்கு ஏன் ஆகவில்லை என்ற காரணம் புரிந்துவிட்டால், எந்தப் பட்டியலையும் மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை பாதியாகக் குறைந்துவிடும்.

வரத்தும் மடையும்

தாமிரபரணிக் கால்வாய்களால் நிறையும் ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். கால்வாய் வழியாக நீர் வருகிறது, மடை வழியாக வெளியேறுகிறது. குளம் பெரிதாகவும் மடை அகலமாகவும் இருந்தால் எவ்வளவு வரத்து வந்தாலும் கரைக்கு ஆபத்தில்லை. அதே வரத்தைச் சிறிய குளத்தில் விட்டால், அதன் மடையும் ஒரு சாண் அகலமே என்றால், நீர் ஏறிக்கொண்டே போய் இரவோடு இரவாகக் கரை உடையும். மடையே இல்லாத குளமாக இருந்தால் மெல்லிய வரத்துகூட என்றாவது ஒருநாள் கரையைத் தொட்டுவிடும்.

உண்ணும் பொருளில் உள்ள ஒவ்வொரு வேதிப்பொருளும் இப்படித்தான் உடம்புக்குள் வந்து சேர்கிறது. குளத்தின் கொள்ளளவு என்பது உடல் எடை. மடை என்பது கல்லீரலும் சிறுநீரகமும். கல்லீரல் தன் நொதிகளைக் கொண்டு வந்த பொருளைச் சிதைக்கிறது. நொதி என்பது உடலின் வேதிமாற்றங்களை விரைவாக நடத்திக்கொடுக்கும் புரதம். சிதைந்ததைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. மனிதன், நாய், பூனை ஆகிய மூன்று உடம்புகளிலும் இந்த நொதிகள் ஒரே அளவில் இல்லை. சில நொதிகள் சில விலங்குகளில் அறவே வேலை செய்வதில்லை. ஆகவே ஒரு பண்டத்தை நஞ்சா இல்லையா என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. எந்த விலங்கு, அதன் எடை எவ்வளவு, தின்றது எவ்வளவு என்ற மூன்றையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

சாக்லேட்: கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடிய நஞ்சு

சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் என்னும் பொருள் கோகோ விதையிலிருந்து வருவது. காப்பியில் உள்ள காஃபீனுக்கு நெருங்கிய உறவு. இதயத்தையும் நரம்பு மண்டலத்தையும் தூண்டிவிடுவது இரண்டுக்கும் பொதுவான குணம். உட்சென்ற ஒரு பொருளின் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை அரைவாழ்வுக் காலம் என்பர். தியோபுரோமினின் அரைவாழ்வுக் காலம் மனிதரில் ஏறத்தாழ 6 முதல் 10 மணி நேரம். நாயில் அது 17 மணி நேரத்தைத் தாண்டுகிறது. காலையில் தின்ற சாக்லேட்டின் பாதி இரவு படுக்கும் நேரத்திலும் நாயின் உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கும் என்பது இதன் பொருள்.

நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் தியோபுரோமின் சேர்ந்தால் வாந்தி, வயிற்றுப்போக்கு, நிலைகொள்ளாமை தொடங்கும்; 40 முதல் 50 மில்லிகிராமில் இதயத் துடிப்பு தாறுமாறாகும்; 60 மில்லிகிராமை ஒட்டி வலிப்பு வரும். பால் சாக்லேட்டில் கிராமுக்குச் சுமார் 2 மில்லிகிராமும், கறுப்புச் சாக்லேட்டில் சுமார் 5 மில்லிகிராமும், கேக் செய்யப் பயன்படும் கோகோத் தூளில் 20 மில்லிகிராமுக்கு மேலும் தியோபுரோமின் உண்டு. நூறு கிராம் பால் சாக்லேட்டை 20 கிலோ எடையுள்ள நாட்டு நாய் விழுங்கினால் கிலோவுக்கு 10 மில்லிகிராம்தான் ஆகும். வயிறு கலங்குவதோடு போகலாம். அதையே 5 கிலோ எடையுள்ள வெள்ளைச் சடை நாய் தின்றால் கிலோவுக்கு 40 மில்லிகிராம். கறுப்புச் சாக்லேட்டாக இருந்தால் 100 மில்லிகிராம், அது உயிர் போகும் எல்லை. இந்த வேறுபாட்டை அறியாமல்தான், "என் நாய் தின்றது, ஒன்றும் ஆகவில்லை" என்று ஒருவர் சொல்வதை மற்றொருவர் தம் வீட்டு நாய்க்கும் பொருத்திக்கொள்கிறார். பெட்டிக்கடையில் சாக்லேட் என்ற பெயரில் விற்கும் மிட்டாய்கள் பலவற்றில் கோகோ பெயரளவுக்கே இருப்பதும் இந்தத் துணிச்சலை வளர்த்திருக்கிறது.

காப்பித்தூள் சக்கையையும் தேயிலைச் சக்கையையும் நாய்க்கு எட்டும் குப்பைக்கூடையில் கொட்டக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

சுருக்கமாக: விலங்கின் எடை குறையக் குறைய, சாக்லேட்டின் கறுப்பு கூடக் கூட ஆபத்து ஏறும், நாயின் உடம்பில் அது நம்மைவிட நெடுநேரம் தங்கும்.

உள்ளியும் பூண்டும்: நம் குழம்பில் மறைந்திருப்பவை

நம் ஊரைப் பொறுத்தவரை சாக்லேட்டைவிட முக்கியமானது இந்தப் பகுதி. சின்ன உள்ளி இல்லாமல் சாம்பார் இல்லை. வெள்ளைப்பூண்டு இல்லாமல் உளுந்தஞ்சோறு இல்லை. மறுவீட்டு விருந்தின் சொதியில் இரண்டும் உண்டு. இவை ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றுக்கு மணம் தருபவை கந்தகம் கலந்த சேர்மங்கள். நறுக்கும்போதும் மெல்லும்போதும் செல்கள் உடைந்து இந்தச் சேர்மங்கள் வெளிப்படுகின்றன. அவை நாயின் இரத்தத்தில் கலந்ததும் நடப்பது இதுதான்.

இரத்தச் சிவப்பணுவுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதத்துக்கு ஹீமோகுளோபின் என்று பெயர். கந்தகச் சேர்மங்கள் அந்தப் புரதத்தைத் தாக்கி உருக்குலைக்கின்றன. உருக்குலைந்த புரதம் கட்டிதட்டி, சிவப்பணுவின் ஓரத்தில் ஒட்டிக்கொள்கிறது. நுண்ணோக்கியில் சிறு மொட்டுப்போலத் தெரியும் இந்தக் கட்டியை, 1890ஆம் ஆண்டில் விவரித்த ஜெர்மானிய மருத்துவரின் பெயரால் ஹெயின்ஸ் துகள் என்பர். இத்துகள் கொண்ட சிவப்பணு எளிதில் உடையும். உடையாதவற்றை மண்ணீரல் பிடித்து அழித்துவிடும். புதிய அணுக்கள் உருவாவதைவிட விரைவாகப் பழையவை அழியும்போது இரத்தசோகை உண்டாகிறது.

மனிதருக்கு இது ஏன் நேர்வதில்லை என்றால், நம் சிவப்பணுக்களில் இத்தகைய தாக்குதலைச் சமாளிக்கும் நொதிகள் போதிய அளவு உள்ளன. நாயின் சிவப்பணுக்களில் அவை குறைவு. பூனையின் நிலை இன்னும் மோசம். ஹீமோகுளோபினில் இந்தச் சேர்மங்கள் பற்றிக்கொள்ளத்தக்க இடங்கள் மனிதரில் 2, நாயில் 4, பூனையில் 8 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நாயின் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் இரத்தத்தில் தெளிவான பாதிப்பை உண்டாக்கியதாகப் பதிவுகள் உள்ளன. பூனைக்கு 5 கிராமே போதுமானதாக இருந்திருக்கிறது. நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு இது 20 கிராம், அதாவது நாலைந்து சின்ன உள்ளி. பூண்டு இதைவிடக் காரமானது. எடைக்கு எடை பார்த்தால் வெங்காயத்தைப்போலப் பல மடங்கு வலியது என்று கால்நடை மருத்துவ நூல்கள் சொல்கின்றன.

இங்கே இரண்டு தவறான நம்பிக்கைகளைச் சுட்ட வேண்டும். வேகவைத்தால் நஞ்சு போய்விடும் என்பது முதலாவது. போகாது, வதக்கினாலும் வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் இந்தச் சேர்மங்களின் தீங்கு நீடிக்கிறது, பொடியில் செறிவும் கூடுகிறது. உள்ளியைப் பொறுக்கி எறிந்துவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றினால் போதும் என்பது இரண்டாவது. குழம்பு கொதித்தபோதே உள்ளியின் சாறு அதில் இறங்கிவிட்டது.

இந்த நஞ்சு நம்மை ஏமாற்றுவதற்கு அதன் தாமதமே காரணம். தின்ற அன்று நாய் ஓடியாடித் திரியும். சிவப்பணுக்கள் அழியத் தொடங்கி அறிகுறி தெரிய இரண்டு முதல் ஐந்து நாள் ஆகலாம். ஞாயிற்றுக்கிழமை விருந்து மிச்சத்துக்கும் வியாழக்கிழமைச் சோர்வுக்கும் முடிச்சுப்போட எவருக்கும் தோன்றாது. தினமும் சிறிது சிறிதாக உள்ளே போனாலும் பாதிப்பு சேர்ந்துகொண்டே வரும். சிவப்பணு நாயின் உடம்பில் சுமார் 110 நாளும் பூனையின் உடம்பில் சுமார் 70 நாளும் வாழக்கூடியது என்பதால், அன்றாடம் அடிபடும் அணுக்களை ஈடுசெய்ய உடம்பு ஓயாமல் உழைக்க வேண்டியிருக்கிறது. வெளிப்பார்வைக்கு அது "எப்போதும் கொஞ்சம் மந்தமான நாய்" என்று தோன்றும், அவ்வளவுதான்.

ஐயம் வந்தால் வீட்டிலேயே பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. நாயின் மேலுதட்டை விரலால் மெல்லத் தூக்கினால் கோரைப் பல்லுக்கு மேல் ஈறு தெரியும். நலமான ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கும். கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்கும். அழுத்தாமலே வெளுத்திருந்தாலும், மஞ்சள் பூத்திருந்தாலும், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலும், படியேறுவதற்குள் இளைத்தாலும் அது காத்திருக்கும் நேரமன்று. ஈறு கறுத்த நாய்களுக்குக் கீழ் இமையை இழுத்து உட்புறத்தைப் பார்க்க வேண்டும்.

சுருக்கமாக: உள்ளிக் குடும்பம் சிவப்பணுவை உடைக்கிறது; வேகவைத்தாலும் பயனில்லை; தீங்கு நாள் கழித்தே வெளியில் தெரியும்; பூனைக்கு நாயைவிட ஆபத்து மிகுதி.

கிஸ்மிஸும் புளியும்

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்ற பழமொழி சாக்லேட்டுக்கு அப்படியே பொருந்துகிறது. திராட்சைக்கு அதை நம்பிப் பயனில்லை, ஏனெனில் மிஞ்சாத அளவு எது என்று நாயைப் பொறுத்தவரை வகுக்க முடியவில்லை. ஒரு கொத்துத் திராட்சை தின்ற நாய் நலமாக இருந்திருக்கிறது. அதைவிட மிகக் குறைவாகத் தின்ற வேறொரு நாயின் சிறுநீரகம் செயலிழந்திருக்கிறது. பல ஆண்டுகளாக மருத்துவர்களைக் குழப்பிவந்த இந்தப் புதிருக்கு 2021இல் ஒரு விடை கிடைத்தது, அதுவும் நம் சமையலறையில் உள்ள பொருளின் வழியாக.

அமெரிக்காவின் விலங்கு நச்சுக் கட்டுப்பாட்டு மையம் ஒன்றைச் சேர்ந்த கால்நடை மருத்துவர்கள், கேக் செய்யப் பயன்படும் கிரீம் ஆஃப் டார்டார் என்னும் பொடி கலந்த, குழந்தைகள் பிசைந்து விளையாடும் மாவைத் தின்ற நாய்க்கும், புளி தின்ற நாய்களுக்கும், திராட்சை தின்றால் வரும் அதே சிறுநீரகச் சேதம் ஏற்பட்டதைக் கவனித்தார்கள். இம்மூன்றிலும் பொதுவாக இருந்தது டார்டாரிக் அமிலம். பழங்களுக்குப் புளிப்பு தரும் அமிலங்களில் இது ஒன்று. மனிதச் சிறுநீரகம் இதைச் சிக்கலின்றி வெளியேற்றுகிறது; நாயின் சிறுநீரகச் செல்களில் இதை வெளியேற்றும் வழி குறைவாக இருப்பதால் அமிலம் அங்கேயே தேங்கிச் செல்களைக் கொல்கிறது என்று கருதப்படுகிறது. மேலே சொன்ன மடையில்லாக் குளத்தின் கதைதான் இது. திராட்சையின் இனத்தையும் பழுத்த நிலையையும் பொறுத்து இந்த அமிலத்தின் அளவு வெகுவாக மாறுபடும். ஒரு நாய் தப்பிப்பதும் மற்றொன்று விழுவதும் இதனால்தான் என்று இப்போது விளக்க முடிகிறது.

திராட்சையில் டார்டாரிக் அமிலம் நூற்றுக்கு ஒன்றை ஒட்டி இருக்கும். உலர்ந்த கிஸ்மிஸில் நீர் போய்விட்டதால் செறிவு கூடும். புளியின் சதையிலோ அது நூற்றுக்கு 8 முதல் 18 வரை உண்டு. குழம்புக்கு ஊறப்போடும் எலுமிச்சை அளவுப் புளியை 25 கிராம் என்று வைத்துக்கொண்டால், அதில் 2 முதல் 4.5 கிராம் வரை டார்டாரிக் அமிலம் இருக்கும். இது கால் கிலோ திராட்சையில் உள்ளதற்கு ஏறத்தாழச் சமமாகவோ மேலாகவோ ஆகும். சட்டி நிறையக் குழம்பில் இது கரைந்து பரவியிருப்பதால், நாய் தட்டை நக்கியது என்பதற்காக ராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் புளிக்குழம்புச் சோற்றை அன்றாட உணவாக வைப்பதையும், கட்டுச்சோறு கட்டிய மிச்சப் புளியோதரையைச் சட்டியில் கவிழ்ப்பதையும், கோது நீக்கிக் காயவைத்த புளியை நாய் நடமாடும் முற்றத்தில் காவலின்றி விடுவதையும் நிறுத்திவிடலாம். புளிக்குழம்பில் புளியோடு பூண்டும் உள்ளியும் சேர்ந்தே கொதிப்பதால், விட்டுவிட இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

திராட்சையோ கிஸ்மிஸோ தின்ற நாய் பெரும்பாலும் ஒரு நாளைக்குள் வாந்தி எடுக்கும். பிறகு சோர்ந்து கிடக்கும், தண்ணீரை அதிகம் குடிக்கும். ஓரிரண்டு நாளில் சிறுநீர் குறையத் தொடங்கினால் சேதம் முற்றிவிட்டது என்று பொருள். பாயசத்தில் விழுந்த நாலு கிஸ்மிஸ்தானே என்று விடாமல், தின்ற உடனே மருத்துவரிடம் சொல்லிவிடுவதே தக்கது.

சர்க்கரை இல்லாத இனிப்பு

நீரிழிவு உள்ள வீடுகளில் சர்க்கரை இல்லாத சூயிங்கம், பற்பசை, மிட்டாய் போன்றவை புழங்குகின்றன. இவற்றில் சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி உண்டு. மனிதரின் கணையம் இதைக் கண்டுகொள்வதில்லை. நாயின் கணையமோ சர்க்கரை வந்துவிட்டதாக எண்ணி இன்சுலினை, அதாவது இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் சுரப்பை, பெருமளவில் விடுகிறது. வராத சர்க்கரைக்காக வந்த இன்சுலின், இருந்த சர்க்கரையையும் இறக்கிவிடுகிறது. அரைமணி முதல் ஒருமணி நேரத்தில் நாய் தள்ளாடும், விழும், வலிப்பு வரும். கிலோவுக்கு 0.1 கிராம் போதும், கிலோவுக்கு 0.5 கிராமைத் தாண்டினால் கல்லீரலும் கெடலாம். சிறிய நாய்க்கு ஓரிரு சூயிங்கமே இந்த அளவை எட்டக்கூடும். வாங்கும்போது அட்டையில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் பையிலோ கட்டிலடியிலோ போடாமல் அலமாரியில் வைத்துப் பூட்டுவது நலம்.

நஞ்சில்லாமலே கெடுப்பவை

அல்வாவில் கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யும்தான் இருக்கின்றன. நாய்க்கு நஞ்சான பொருள் அதில் எதுவும் இல்லை. ஆயினும் தீபாவளி, பொங்கல் முடிந்த மறுநாள் வயிற்றைத் தரையில் அழுத்தி, முதுகை வளைத்து நிற்கும் நாய்களைப் பார்க்க நேர்வதற்கு நெய்யும் எண்ணெயும் காரணமாகலாம். உணவைச் செரிக்கும் நொதிகளைக் கணையம் உண்டாக்கி, அவற்றில் பலவற்றைக் குடலுக்குள் போன பிறகே வேலை தொடங்கும்படி அனுப்புகிறது. வழக்கமில்லாத கொழுப்பு ஒரேயடியாக வந்து சேரும்போது சில நாய்களில் அந்த நொதிகள் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டு, கணையத்தையே செரிக்கத் தொடங்கிவிடுகின்றன. இதுவே கணைய அழற்சி. ஒரு விள்ளல் அல்வாவால் பெரும்பாலும் எதுவும் ஆகாது. ஆனால் இலையில் மிஞ்சிய அல்வா, வடை, தேங்காய்ப்பால் சொதி, பொரித்த கோழியின் தோல் எல்லாம் ஒரே வேளையில் ஒரே சட்டியில் சேரும்போது ஆபத்து உண்மையானது.

எலும்பு பற்றிய பேச்சு முடிவில்லாதது. சமைத்த எலும்பைக் கொடுக்கக் கூடாது என்பதற்கான காரணத்தை மட்டும் சொல்கிறேன். குழம்பில் வெந்த கோழிக்காலின் எலும்பை இரு கையாலும் வளைத்து ஒடித்துப் பார்த்தால், அது சட்டென்று முறிந்து, முறிந்த முனை சாய்வாகச் சீவிய மூங்கில் குச்சிபோல் கூராக நிற்கும். வெப்பத்தில் எலும்பின் நெகிழ்வு போய்விடுவதால் நேர்வது இது. அந்த முனை தொண்டையையோ குடலையோ கிழிக்கலாம். மாங்கொட்டை கிழிக்காது, ஆனால் குடலை அடைக்கும்.

கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றில் உப்பு மிகுதி. குடிக்கத் தண்ணீரும் இல்லையென்றால் அது மூளையைப் பாதிக்கும் அளவுக்குப் போகக்கூடும். பாலைப் பொறுத்தவரை, அதிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குட்டிப் பருவம் கழிந்ததும் பெரும்பாலான நாய்களிலும் பூனைகளிலும் குறைந்துவிடுகிறது. செரிக்காத சர்க்கரை குடலில் புளித்து வயிற்றுப்போக்கை உண்டாக்குகிறது. தயிரிலும் மோரிலும் லாக்டோஸ் ஓரளவு குறைந்திருப்பதால் அவை நாய்க்குப் பாலைவிட ஒத்துப்போகும்.

பூனை சின்ன நாய் அன்று

நாய்க்குச் சொன்னதைப் பூனைக்கும் சொல்லிவிட்டுப் போவது பெரும்பிழை. நாய் மனிதனோடு நெடுங்காலம் வாழ்ந்து, மாவுப்பொருளைச் செரிக்கும் திறனை வளர்த்துக்கொண்டது. அமைலேஸ் என்ற செரிமான நொதிக்கான மரபணுப் பிரதிகள் ஓநாயைவிட நாயில் பல மடங்கு இருப்பதை 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. கம்பங்கூழும் கேப்பைக்கூழும் குடித்து வளர்ந்த நம் நாட்டு நாய்கள் தாக்குப்பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். பூனையோ இறைச்சியை மட்டுமே நம்பி வாழும்படி அமைந்த உடம்பு. இனிப்பை உணரும் சுவையுணர்வே அதற்கு இல்லை.

டாரின் என்ற சத்து இதற்கு நல்ல சான்று. இறைச்சியிலும் மீனிலும் இருக்கும் இந்தச் சத்தைப் பூனையின் உடம்பு போதிய அளவு தானாக ஆக்கிக்கொள்வதில்லை. இது குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும் என்பது 1975இலும், இதயத் தசை விரிந்து பலமிழக்கும் என்பது 1987இலும் கண்டறியப்பட்டது. தயிர்ச்சோறும் பால்சோறும் மட்டுமே தின்று வளரும் சைவ வீட்டுப் பூனை வெளியே எலியும் ஓணானும் பிடித்துத்தான் கண்ணையும் இதயத்தையும் காத்துக்கொள்கிறது; கதவடைத்த அடுக்குமாடி வீட்டுப் பூனைக்கு அந்த வழியும் இல்லை. தம் வீட்டு ஆசாரத்தைப் பூனைக்கும் விதிப்பவர்கள், அதைப் பூனைக்கான டாரின் சேர்த்த தயாரிப்பு உணவோடு ஈடுகட்டியே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

தூத்துக்குடியிலிருந்து வரும் மீன் நல்லதுதான், ஆனால் வேகவைத்து முள் எடுத்துக் கொடுக்க வேண்டும். சிலவகைப் பச்சை மீன்களில் வைட்டமின் பி1ஐ அழிக்கும் நொதி இருக்கிறது. நாள்தோறும் பச்சையாகவே தின்றுவந்தால் பூனையின் நரம்புகள் பாதிக்கப்படும். வேகும்போது அந்த நொதி அழிந்துவிடும்.

உணவல்லாத ஒன்றையும் இங்கே சேர்த்துச் சொல்லியாக வேண்டும். பூனைக்குக் காய்ச்சல் என்று எண்ணிப் பாராசிட்டமால் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அம்மருந்தைச் சிதைக்க வேண்டிய கல்லீரல் நொதி பூனையில் வேலை செய்வதில்லை. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். வெங்காயம் தாக்கும் அதே ஹீமோகுளோபினை அதுவும் தாக்குகிறது.

அப்படியானால் எதைப் போடலாம்?

வெறுஞ்சோறு, உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்து எலும்பு நீக்கிய கோழிக்கறி, வேகவைத்த முட்டை, அவித்த சீனிக்கிழங்கு, பூசணி, கேரட், பீன்ஸ், விதை நீக்கிய தர்பூசணி, சிறு துண்டு வாழைப்பழம், தொட்டுக்கொள்ள ஏதும் இல்லாத இட்டலி ஆகியவை நாய்க்குத் தீங்கில்லாதவை. முட்டையை வேகவைத்தே கொடுக்க வேண்டும். பச்சை வெள்ளைக்கருவில் உள்ள ஒரு புரதம் பயோட்டின் என்னும் வைட்டமினை உடம்பில் சேரவிடாமல் கட்டிப்போடும். முளைவிட்ட, பச்சை ஏறிய உருளைக்கிழங்கு நமக்கே ஆகாது.

நம் சமையல் முறையில் இதற்குத் தனி அடுப்பு தேவையில்லை. கறியைப் பாத்திரத்தில் வேகவைத்ததும், உள்ளி, மசாலா, புளி, உப்பு சேர்ப்பதற்கு முன்பே நாயின் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்துவைத்துவிட்டால் முடிந்தது. பருப்பையும் தாளிப்பதற்கு முன் எடுக்கலாம், வேகும்போதே பூண்டு போடும் வழக்கம் இருந்தால் மட்டும் அது ஆகாது. பிஸ்கட், பழம், பண்டம் போன்ற தீனிகள் நாளொன்றுக்கான உணவின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு. வெறும் கோழியும் சோறும் மாதக்கணக்கில் போட்டால் சுண்ணாம்புச் சத்து போதாமல் போகும், குறிப்பாக வளரும் குட்டிகளுக்கு. அன்றாட உணவாக வீட்டுச் சமையலையே வைப்பதானால் மருத்துவரைக் கேட்டுச் சத்துக் கலவையைச் சேர்க்க வேண்டும்.

தின்றுவிட்டது என்று தெரிந்தால்

அறிகுறி வரட்டும் என்று காத்திருப்பது இதில் மிகப் பெரிய தவறு. தின்ற ஓரிரு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போனால், பொருள் இரைப்பையில் இருக்கும்போதே ஊசி போட்டு வாந்தி எடுக்கவைக்க முடியும். இரைப்பையைத் தாண்டிக் குடலுக்குள் போய்விட்டால் பிறகு செய்யக்கூடியது குறைவு, செலவும் அதிகம். மருத்துவர் கேட்கப்போவது நாலே கேள்விகள்: எது, எவ்வளவு, எப்போது, விலங்கின் எடை என்ன. சாக்லேட்டின் உறையையோ சூயிங்கம் அட்டையையோ கையோடு கொண்டுபோவது நல்லது. எடை தெரியாவிட்டால், நாயைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறி, பிறகு தனியாக ஏறி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் போதும்.

உப்புக் கரைசலையோ புளிக் கரைசலையோ வாயில் ஊற்றி வாந்தி எடுக்கவைக்க முயலக் கூடாது. முன்னது உப்பு நஞ்சாக மாறலாம். பின்னதில் உள்ள அமிலம் இன்னது என்பதை மேலேயே பார்த்தோம். மயங்கிய அல்லது வலிப்பு வந்த விலங்கின் வாயில் எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. உள்ளியோ பூண்டோ மிகுதியாகத் தின்ற நாயும் பூனையும் அன்றைக்கு நலமாகத் தெரிந்தாலும், ஒரு வாரம் வரை தினம் இருமுறை ஈறைப் பார்த்துவர வேண்டும். மூன்றாம் நாளை ஒட்டி ஒரு இரத்தப் பரிசோதனையும் செய்துவிட்டால், உள்ளே அணுக்கள் அழிகின்றனவா என்பது வெளி அறிகுறிக்கு முன்பே தெரிந்துவிடும்.